பெயர் வெட்டிய பெட்டிகள்

சுமதிக்கு,

இதை நீ வில்லாபுரம் வீட்டில் உட்கார்ந்து அச்சில் படிப்பாய். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டுமென்றால் நான் டவுன் பஸ் ஏறி அரை மணி நேரத்தில் வந்து சொல்லிவிடலாம். சங்க மலரில் நாலு பேர் பார்க்க எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பழைய சாமான் வியாபாரிகள் சங்கத்தின் இந்த வருஷ மலருக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார்கள். "பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கையில் தூக்கினதுமே இன்னதுன்னு சொல்லிர்றீங்களே, அந்த வித்தைய எழுதிக் குடுங்கக்கா" என்றார் செயலாளர். நானும் தலையாட்டிவிட்டேன். அந்த வித்தை என்னிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. கீழவாசல் கடைத்தெருவில் அநேகமாக யாருக்கும் தெரியாது. கட்டுரைக்குப் பதிலாக அதைத்தான் எழுதப் போகிறேன்.

உன் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. மாப்பிள்ளை சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறார், எனக்கு அது போதும். போன வாரம் வந்திருந்தபோது உங்கள் வீட்டு வாசலை ஒட்டிய முன்னறையைப் பார்த்தேன். தெருப் பக்கம் கதவு, நல்ல வெளிச்சம், சுவரில் நாலு பிளக் பாயிண்ட். பார்த்ததுமே எனக்குக் கடைதான் தெரிந்தது. உனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. நீ கேட்டதையும், உன் மாமியார் அதைத் தையல் கடைக்கு வாடகைக்குப் பேசி வைத்திருப்பதையும் மாப்பிள்ளை சொன்னார். நான் நேரே அடுப்படிக்குப் போய், "ஏன் மதினி, பிள்ளை ஆசையாக் கேக்குதுல்ல?" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கதான மதினி சொன்னீங்க, அவளுக்குக் கடைப் பக்கமே ஆகாதுன்னு? ஒன்னும் தெரியாத பிள்ளைய உக்கார வச்சு ஊரு சிரிக்கவா?" சொன்னது நான்தான். உன் முன்னறையை உனக்கு இல்லாமல் செய்துகொண்டிருப்பது என் வாய். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். நடந்தது உனக்குத் தெரியும். நான் என்ன நினைத்து அப்படி நடந்தேன் என்பது தெரியாது.

நான் கூடையில் எவர்சில்வர் பாத்திரம் சுமந்து, தெருத்தெருவாகப் போய்ப் பழைய துணிக்கு மாற்றிக் கொடுத்தவள். உன் அப்பா பாத்திரக் கடை வாசலில் மிஷினை வைத்துக்கொண்டு குடத்திலும் சட்டியிலும் பெயர் வெட்டுகிறவர். அவர் வெட்டுவது புள்ளி புள்ளியாக வரும், நான் பேசுவது ஒரே ஓட்டமாக வரும் என்று கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். கூடையிலிருந்து தள்ளுவண்டி, தள்ளுவண்டியிலிருந்து வீட்டு முன்பக்கக் கிடங்கு என்று நான் வந்ததற்கு ஒரே ஒரு பழக்கம் காரணம். எது கைக்கு வந்தாலும் துலக்கித்தான் வைப்பேன். அழுக்குப் பித்தளையைக் காட்டினால் பாதி விலைதான் கேட்பார்கள். ஸ்டிக்கர் ஒட்டிய தட்டைப் பார்த்தால் எனக்குக் கை நமநம என்று அரிக்கும். உரித்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்தப் பழக்கம்தான் என்னை ஆளாக்கியது. அதே பழக்கம்தான் ஒருநாள் என்னைக் கவிழ்த்தும் விட்டது.

ரெண்டாயிரம் பிறக்கும்போது பழைய கம்ப்யூட்டரெல்லாம் கணக்கில் குழம்பிவிடும் என்று ஊரெல்லாம் பயந்த சமயம் அது. ஒரு மில் ஆபீஸ் தன் பழைய சாமான் மொத்தத்தையும் ஏலத்துக்கு விட்டது. நான் இரும்பும் பித்தளையும் கிடைக்கும் என்று எடுத்தேன். இரண்டு மாட்டுவண்டி நிறையப் பெட்டி வந்து இறங்கியது. நீ பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்துவிட்டு, டிவி ரிப்பேர் கடையொன்றில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாய். நீ வேலைக்குப் போன நாலு நாளில் நான் மண்ணெண்ணெய்த் துணியும் புளியும் சாம்பலுமாக உட்கார்ந்துவிட்டேன். பெட்டிகளின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் ஒன்று விடாமல் உரித்தேன். கறுப்புக் கம்பியின் மேல் வெள்ளையாக ஏதோ எழுதியிருந்தது. அழுக்கு என்று நினைத்து, கம்பியைத் துணிக்குள் வைத்து உருவிவிட்டேன். விரல் நுனி அளவில் அறுபது எழுபது உலோக மூடிகள் இருந்தன. அவற்றைப் புளியில் ஊறப்போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தபோது மேலே இருந்த சின்ன எண்களும் வண்ணப் பட்டைகளும் போய், எல்லாம் ஒரே மாதிரி பளபளத்தன. கல்யாணச் சீர் மாதிரி அடுக்கி வைத்துவிட்டு நானே கொஞ்ச நேரம் நின்று ரசித்தேன்.

பஷீர் பாய் வந்தார். கோரிப்பாளையத்தில் ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவர், பழைய சாமானுக்கு அவரைப் போல ஆசைப்படுகிற ஆள் கிடையாது. உள்ளே காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாஅல்லா! அக்கா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க?"

"ஏன் பாய், பளிச்சுன்னு இல்ல?"

"பளிச்சுன்னுதான் இருக்கு. அம்புட்டுப் பேருக்கும் மொட்டை போட்டு வரிசையா உக்கார வச்சா, யாரு வீட்டுப் பிள்ளைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்த ஸ்டிக்கர்லதான் இருந்துச்சு பேரும் ஊரும்."

நான் விட்டுக் கொடுப்பேனா? "ஸ்டிக்கர் பாத்து வியாபாரம் பண்றதுக்கு நான் எதுக்கு? என்ன வேணும்னு சொல்லுங்க, தாரேன்" என்றேன். அவர் கேட்டு வந்தது கொட்டாம்பட்டி செல்வி டீச்சருக்காக. டீச்சர் அங்கே ஒரு மாடியில் பத்துக் கம்ப்யூட்டரை வைத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தனையையும் ஒரே கறுப்புக் கம்பி, பூவைத் தொடுக்கிற மாதிரி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொடுத்துப் போகும். ஒரு மிஷினில்தான் எல்லாம் இருக்கும். மற்ற ஒன்பதும் அந்தக் கம்பி வழியாக வாங்கித்தான் கண்ணே விழிக்கும். கம்பியின் இரண்டு நுனியிலும் ஒரு மூடி போட வேண்டும். அந்த மூடி இல்லையென்றால் கம்பியில் போன சேதி நுனியில் முட்டித் திரும்பி வந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும், பத்தும் படுத்துவிடும். வெள்ளையடிக்க வந்தவர்கள் இரண்டு மூடியையும் எங்கேயோ தொலைத்துவிட்டார்கள். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அங்கே பரீட்சை. நடக்காவிட்டால் பிள்ளைகள் மதுரைக்கு வந்து எழுத வேண்டும். பாதிப் பெண்பிள்ளைகளை வீட்டில் அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார்கள். "யோசிச்சுக் குடுங்கக்கா, அந்த மூடியிலயே ரெண்டு மூணு ஜாதி இருக்கு" என்றார் பாய். நான் குவியலில் கையை விட்டு, இருப்பதிலேயே நன்றாகப் பளபளத்த இரண்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பது மாதிரி ஆட்டி, "இதுதான், கொண்டு போங்க" என்றேன். உண்மையில் எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று ஆண்கள் முன்னால் சொன்னால் அடுத்த தடவை மதிக்க மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

சனிக்கிழமை காலையில் பாய் திரும்பி வந்தார். இரண்டு பஸ் மாறி வந்த முகம். மூடிகளை மேஜையில் வைத்தார், போடவில்லை, வைத்தார். அதுதான் எனக்குச் சுட்டது. "ஒன்னும் கிளம்பலக்கா. டீச்சர் அழுகுறாங்க" என்றார். நீ அப்போது வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாய். பையைக் கீழே வைத்தாய். உள்ளே போய் உன் மல்டிமீட்டரை எடுத்து வந்து ஒரு மூடியின் நடு ஊசியில் ஒரு முனையையும் உடம்பில் மறுமுனையையும் வைத்தாய். "தொண்ணூத்து மூணு ஓம். பாய், இது டீச்சர் போட்டிருக்க ஈதர்நெட் கம்பிக்கு இல்ல, அதுக்கு முந்தி இருந்த ஆர்க்நெட் கம்பிக்குப் போடுறது. வெளிய பாத்தா ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும். உங்களுக்கு வேண்டியது அம்பது" என்றாய். பாய் உன்னையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். நான் முறத்தைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அன்று நீ வேலைக்குப் போகவில்லை. குவியலை முறத்தில் கொட்டி ஒவ்வொரு மூடியாக அளந்தாய். தொண்ணூற்று மூன்று ஒரு டம்ளரில், டிவிக்காரர்கள் போடும் எழுபத்தைந்து ஒரு டம்ளரில், ஐம்பது ஒரு டம்ளரில். முதல் இரண்டு டம்ளரும் நிறைந்துகொண்டே வந்தன. மூன்றாவது காலியாகவே கிடந்தது. பாய் டம்ளரைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். முறத்தின் பாதிக்குமேல் தாண்டித்தான் முதல் ஐம்பது வந்தது. "டிங்" என்று அது டம்ளரில் விழுந்த சத்தத்தில் அன்று கிடங்கு வாசலில் உட்கார்ந்து பெயர் வெட்டிக்கொண்டிருந்த உன் அப்பா மிஷினையே நிறுத்திவிட்டார். மொத்தத்தில் மூன்று கிடைத்தன. மூன்று போதும். கம்பியையும் நீ சும்மா விடவில்லை. நான் உருவித் துடைத்த கம்பிகளின் நுனியைச் சீவி, நடுக் கம்பியின் தடிமனைப் பார்த்து, இது ஆகும் இது ஆகாது என்று பிரித்தாய்.

ஞாயிற்றுக்கிழமை பாயோடு நாம் இரண்டு பேரும் கொட்டாம்பட்டி போனோம். மாடிப்படியிலேயே செல்வி டீச்சர் நின்றிருந்தார், கண் வீங்கியிருந்தது. நீ இரண்டு நுனியிலும் மூடியைத் திருகிவிட்டு, நடுவில் ஒரு கம்ப்யூட்டரின் பின்னால் இருந்த டி மாதிரி இணைப்பைக் கழற்றி மீட்டரை வைத்தாய். "இருவத்தஞ்சு காட்டணும்" என்றாய். "அம்பதுன்னுல்ல சொன்ன?" என்றேன். "ரெண்டு பக்கமும் அம்பது இருந்தா நடுவுல பாதி காட்டும்மா. அம்பது காட்டுச்சுன்னா ஒரு மூடி இல்லைன்னு அர்த்தம்." இருபத்தைந்து காட்டியது. பெரிய மிஷினைப் போட்டாய். அப்புறம் ஒன்று, அப்புறம் ஒன்று, ஒன்பதும் வரிசையாகக் கண் விழித்தன. செல்வி டீச்சர் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் கையை இல்லை, என் கையை. "அக்கா, இந்தக் கையி ராசியான கையிக்கா!" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த நிமிஷம் நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உன் பக்கம் கையைக் காட்டியிருக்க வேண்டும். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். நீ மிச்சக் கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாய். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உனக்கு விட்டுக் கொடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்தக் கை ஆறு வருஷம் ஓடியது. கொட்டாம்பட்டிச் செய்தி பரவி, திண்டுக்கல்லிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் கையில் வாங்கி, முன்னும் பின்னும் புரட்டி, "வச்சிட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்பேன். சாயங்காலம் நீ வந்து திருகைக் கழற்றிப் பார்த்துச் சொல்வாய். இது ஹப், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தும். இது ஸ்விட்ச், யாருக்கோ அவருக்கு மட்டும் சொல்லும். முன்னால் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகம், உள்ளே இருக்கும் சில்லைத்தான் பார்க்க வேண்டும். இது மோடம், போன் கம்பிக்கு வாய் இருக்கும். இது மோடம் மாதிரி இருக்கிற பிரிண்டர் பெட்டி. மறுநாள் நான் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அதையே சொல்வேன். வைத்துவிட்டுப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தவர்களுக்காக நாம் செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவர்களை உன் லீவு நாளில் வரச் சொல்லி, "சுமதி, அண்ணனுக்கு டீ கொண்டா" என்று குரல் கொடுப்பேன். நீ டம்ளரை வைத்துவிட்டுப் பெட்டியை ஒரு பார்வை பார்த்து, மேஜையில் விரலால் தட்டிவிட்டுப் போவாய். ஒரு தட்டு மோடம், இரண்டு தட்டு ஹப், மூன்று தட்டு உடைக்கத்தான் லாயக்கு. ஒருதடவை நீ கொசுவை அடித்ததை மூன்றாவது தட்டாக நினைத்து, ஒரு நல்ல ஹப்பை அதன் சொந்தக்காரர் முன்னாலேயே "இது செத்துப் போச்சுண்ணே" என்று சொல்லிவிட்டேன். அவர் அப்போதுதான் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தார்!

ஸ்டிக்கர் போன பெட்டிகளுக்கு நீதான் வழி கண்டுபிடித்தாய். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து இன்னது என்று எழுதிக் கொடுத்தாய். உன் அப்பா குடத்தில் பெயர் வெட்டுகிற மிஷினால் அதைப் பெட்டியின் அடியில் தமிழில் வெட்டினார். மண்ணெண்ணெய் போட்டாலும் போகாது. ஊரிலேயே பெயர் வெட்டிய ஹப் நம்மிடம்தான் இருந்தது. பாத்திரம் மாதிரியே சொந்தக்காரர் பெயரும் வேண்டும் என்று, ஒவ்வொன்றின் கீழும் என் பெயரை வெட்டச் சொன்னேன். உன் அப்பா ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு வெட்டினார்.

ஏன் அப்படி இருந்தேன் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். கூடை தூக்கிய காலத்தில் என் சொல்லை நம்ப வைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஏலத்தில் கை தூக்கினால் "உங்க வீட்டுக்காரர் வரலையா?" என்பார்கள். நம்ப ஆரம்பித்த பிறகு அந்த நம்பிக்கையை உடைத்துப் பங்கு போட எனக்கு மனசு வரவில்லை, பெற்ற மகளுக்குக்கூட. உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று உன் மாமியார், "பிள்ளைக்குக் கடை வேலை தெரியுமா மதினி?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தெரியும் என்றால் அடங்காத பெண் என்று நினைப்பார்களோ என்று ஒரு பயம். தெரியும் என்று ஆரம்பித்தால் எவ்வளவு தெரியும் என்று கேட்பார்களே என்று அதைவிடப் பெரிய பயம். "அவளுக்குக் கடைப் பக்கமே ஆகாதுங்க. வீடு, அடுப்படி, அம்புட்டுதான்" என்றேன். நீ காப்பித் தட்டோடு நின்றிருந்தாய். ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாய். அன்று நீ தட்டில் விரலால் மூன்று தட்டு தட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

போன வாரம் அந்த அடுப்படியில் நின்றே உன் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. அவர் குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டார். "அப்ப அன்னிக்குச் சொன்னது பொய்யா?" "ஆமா மதினி." "இன்னிக்குச் சொல்றது மட்டும் நெசம்னு நான் எப்படி நம்புறது? மகளுக்கு ஒரு எடம் கெடைக்கணும்னு எந்தத் தாயும் சொல்றதுதான." எனக்குக் கோபம் வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. நல்ல இடத்தில்தான் உன்னைக் கொடுத்திருக்கிறேன், இவரிடம் சும்மா எதையும் விற்க முடியாது என்று நினைத்தேன். "நாலு பேர் அறியச் சொன்னா நம்புவீங்களா? எங்க சங்க மலருக்கு எழுதக் கேட்டிருக்காங்க" என்றேன். "உங்க சங்கத்து மலர்ல போடுங்க. அதப் படிச்சிட்டு உங்க வாடிக்கையெல்லாம் அவளத் தேடி வரட்டும். நான் தையல்காரங்கள நிப்பாட்டி வைக்கிறேன். மலர் வரட்டும், சாவியத் தாரேன்" என்றார்.

இந்தா, மலரில் போட்டுவிட்டேன். இது அச்சுக்குப் போகும் முன்பே பஷீர் பாயிடம் சொல்லிவிடுவோம் என்று கோரிப்பாளையம் போனேன். மாப்பு கேட்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டார். "எனக்கு முதல் நாளே தெரியுமேக்கா. நாளைக்கு வாங்கன்னு நீங்க சொல்றப்பல்லாம் உங்க கண்ணு வீட்டுக்குள்ளதான போகும்? நான் பொட்டியக் கொண்டாந்தது உங்க கைக்கா? சுமதியோட மீட்டருக்கு." கொட்டாம்பட்டிக்கு அப்புறம் நானே கற்றுக்கொண்டுவிட்டேன் என்று அவரை ஆறு வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன்.

உனக்குப் புத்தி சொல்ல நினைத்தது கொஞ்சம்தான். தெரியாத சாமானைத் தெரியாது என்று சொல். மீட்டர் உன் கையில் இருக்கிறது, உனக்கு என்ன பயம்? யாருடைய பெட்டியையும் துடைக்கும் முன் அதில் எழுதியிருப்பதைப் படித்துவிடு. மாப்பிள்ளை டீ போட்டுக் கொடுத்தால் வந்திருப்பவர்களிடம் அவர் போட்டது என்று சொல். உன் மாமியாரிடம் பேரம் பேசாதே, உன்னால் முடியாது, என்னாலேயே முடியவில்லை. நேற்று ஒருவர் கொட்டாம்பட்டியிலிருந்து பெட்டியோடு வந்து நின்றார். "வச்சிட்டுப் போங்க" என்பது பழக்கத்தில் பாதி வாய்க்கு வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, "எனக்குத் தெரியாதுண்ணே. எம் மக வில்லாபுரத்துல இருக்கா, அடுத்த வாரம் அவகிட்டப் போங்க" என்றேன். சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. வேர்க்கவும் இல்லை.

உன் அப்பா இரண்டு நாளாகக் கிடங்கில் இருக்கிற பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாத்திரம் கை மாறினால் பழைய பெயரை அவர் அழிப்பதில்லை, பக்கத்தில் புதுப் பெயரை வெட்டுவார். பெட்டியின் அடியில் அதற்கு இடம் இருக்காதே என்று நான் கவலைப்பட்டேன். நெருங்கிப் போய்ப் பார்த்தால், எல்லாப் பெட்டியிலும் என் பெயர் இடது ஓரமாக ஒதுங்கி இருக்கிறது. பக்கத்தில் சரியாக மூன்று எழுத்துக்கு இடம் காலியாக இருக்கிறது. "என்னங்க இது?" என்றேன். அவர் மிஷினை நிறுத்தவில்லை. "ஆறு வருசமா எடம் விட்டுத்தான் வெட்டிக்கிட்டு வாரேன்" என்றார்.

மதினி, நீங்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சாவியை அவளிடம் கொடுத்துவிடுங்கள். சுமதி, மலர் உன் கைக்கு வந்த வாரக் கடைசியில் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நானும் அப்பாவும் வாரோம். முன்னறையைப் பெருக்கி வை.

உன் அம்மா